லொறிக்குப் பத்திரமான இடம்

"மஜீட், பத்தரைக்கு முதல் லொறி இந்த வளவ விட்டு வெளியால போகல்லையெண்டா, ஒம்பது வருசப் பாடும் வீண்."

லொறிக்கு அடியில் ஏறாவூர் மெக்கானிக் மஜீட்டின் கால்கள் மட்டும் தெரிந்தன. "அவசரப்படுத்தாதீங்க அண்ணன். எம்பது வயசுக்காரன். மெல்லத்தான் எழும்புவான்."

நல்லரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது. பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்துவிடுவார்கள். பத்தரைக்கு வெற்றிலைத் தட்டு மாறும். மூத்தவள் நிருஷாவுக்கு வீடும் வளவும் சீதனமாகப் போகும். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீடு அவருடையதாக இருந்தால்தானே வருந்துவதற்கு. அது மனைவி புஸ்பத்துக்கு அவளுடைய தாய் கொடுத்தது. இவர் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஏறிய மனிதர்.

கவலையெல்லாம் லொறியைப் பற்றித்தான். உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்கார இராணுவம் ஓட்டிய பெட்போட் வண்டி. ஓர் அரிசி ஆலையின் பின்புறத்தில் பாம்புக்கு வீடாகக் கிடந்ததை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டி, வாவிக் காற்றின் உப்போடு மல்லுக்கட்டி ஆளாக்கியிருந்தார். இதைப்போல் இலங்கையில் இன்னொன்று இல்லை என்பது அவர் கட்சி. ஒன்று இருப்பதே அதிகம் என்பது புஸ்பத்தின் கட்சி.

வம்பு வழக்கத்தால் வந்தது. புஸ்பத்தின் தாய்வழிக் குடியில் ஒரு வளவைக் கொடுத்தால், உள்ளே நிற்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். தென்னை, கிணறு, கோழிக்கூடு எதுவும் விலக்கில்லை. தட்டு மாறிய பிறகு ஓர் ஈர்க்கைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. மாப்பிள்ளையின் தகப்பனோ பழைய இரும்பு வியாபாரி. பெண் பார்க்க வந்த அன்று பெண்ணை ஒரு தரமும் லொறியை மூன்று தரமும் பார்த்தவர். "வெட்டிப் பாத்தா மூண்டு தொன் தேறுமா?" என்று வேறு கேட்டார். அன்றைக்குப் போன நித்திரை நல்லரத்தினத்துக்குத் திரும்பி வரவேயில்லை.

"அண்ணன், அக்காக்கிட்டச் சொல்லி லொறிய மட்டும் விட்டுட்டுக் குடுத்தா என்ன?"

"அவக்கிட்டயா? சனியன் துலஞ்சிது எண்டு மாலை போட்டு அனுப்புவா."

குசினி ஜன்னலால் புஸ்பத்தின் குரல் வந்தது. "நல்ல நாளும் அதுவுமா அந்தக் கண்டறியாத லொறியக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்களே. போய்க் குளிச்சு வேட்டிய உடுங்க. ஆக்கள் வரப் போகுது."

"வாறன், வாறன்."

மஜீட் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தார். "கியர்ப்பெட்டி பூட்டியாச்சு. எங்க கொண்டு போற? றோட்டுல விட்டா பொலிஸ் வரும். வாவிக்கரையில விட்டா புதையும்."

நல்லரத்தினம் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். பக்கத்தில் வெறும் வளவு. அதுவும் புஸ்பத்தின் தாய் கொடுத்ததுதான். இளையவள் மேனுகாவுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"மேனுகா இப்பதான் ஒம்பதாம் வகுப்பு. இன்னும் பத்து வருசத்துக்கு அந்தப் பக்கம் ஆரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"மூளைதான் அண்ணன் உங்களுக்கு," என்றார் மஜீட். வேலியில் நான்கு கட்டைகளைப் பிடுங்கி வழி செய்தார். பிறகு லொறியின் முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுழற்றினார். மூன்றாம் சுற்றில் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது.

அந்தச் சத்தம் புஸ்பத்துக்குப் பழக்கம். கிழமைக்கு இரண்டு தரம் கேட்பதுதான். புகைக்குப் பயந்து ஜன்னலை அடித்துச் சாத்தினாளே தவிர, எட்டிப் பார்க்கவில்லை. லொறியும் இதுநாள்வரை நின்ற இடத்தில் உறுமியதே ஒழிய, ஓர் அடி நகர்ந்ததில்லை.

நல்லரத்தினம் ஏறி உட்கார்ந்து, சித்தாண்டி முருகனைக் கூப்பிட்டு, கியரைப் போட்டார். லொறி நகர்ந்தது. வேலியைத் தாண்டியது. வெறும் வளவின் நடுவுக்குப் போனதும் அடியில் ஏதோ 'கடக்' என்று உடைய, அப்படியே நின்றுவிட்டது.

"கியர்ப்பெட்டி போயிட்டு அண்ணன். இனி ஆறு மாசத்துக்கு இவன் அசைய மாட்டான்."

"அசைய வேணாம் மஜீட். வந்து சேந்தானே, அது போதும்."

நல்லரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளைக் கரையேற்றுகிற நாளில் லொறிக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இருவரும் சேர்ந்து தென்னோலைக் கிடுகுகளைப் போட்டு லொறியை மூடினார்கள். வேலியையும் பழையபடி அடைத்தார்கள்.

பத்தரைக்கு முன் விறாந்தையில் எல்லோரும் பாயில் இருந்தார்கள். நல்லரத்தினம் புது வேட்டியோடும் நகக்கண்ணில் கிறீஸோடும் வாயெல்லாம் பல்லாக இருந்தார். இரும்பு வியாபாரிச் சம்பந்தியைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது. தானே ஒரு வெற்றிலையை மடித்து அவருக்கு நீட்டினார்.

புஸ்பத்தின் தமையன் தட்டைத் தூக்கி, வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "எங்கட மருமகள் நிருஷாவுக்கு, பக்கத்து வெறும் வளவும், அதுக்குள்ள நிக்கிற அவ்வளவும்."

தட்டு கை மாறியது. நல்லரத்தினத்தின் வாயில் வெற்றிலை மெல்லாமல் நின்றது.

புஸ்பம் பக்கத்தில் குனிந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அதிகம் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஏன் இப்பிடி முழுசுறீங்க? நேத்துப் பின்னேரம் நான்தான் அண்ணனோட கதைச்சு, மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி மாத்தினன். உங்களுக்குச் சொல்ல வந்தா நீங்க லொறிக்குக் கீழ. லொறியக் குடுத்துட்டு நீங்க ஏங்கிப் போயிருவீங்க எண்டுதான், வீட்ட இளையவளுக்கு வெச்சிட்டு, ஒண்டுமே இல்லாத வளவாப் பாத்துக் குடுத்தம்."