சாரலில் குளிர்ந்த பெட்ரோல்

"பன்னெண்டு மணிக்குள்ள இந்த எஞ்சின் குத்தாலத்துல ஓடலைன்னா எம் மீசை போயிரும்லே வல்லிநாயகம்!"

பண்ணையார் தளவாய் போட்ட சத்தத்தில் தென்காசி ரத வீதியே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தய மோட்டார் காரில், தோல் தொப்பியும் காற்றுக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவர் தயாராக இருந்தார். வண்டிதான் தயாராக இல்லை. அன்று ஆடி முதல் தேதி, காலை மணி ஒன்பது.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் எஞ்சினைத் தீய்த்துவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. மெக்கானிக் வல்லிநாயகம் நாலு மாதமாக எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுப் பூட்டியிருந்தான்.

"செத்த எஞ்சின் எழும்பாதுவே" என்று குற்றாலத்து நெல் மில் முதலாளி சிவனணைந்தபெருமாள் நாலு பேர் முன்னால் சிரித்ததுதான் வினை. ஆடி முதல் தேதி மதியம் பன்னிரண்டுக்குள் அந்த எஞ்சின் குற்றாலத்தில் ஓடினால் அவர் மீசையை எடுக்க வேண்டும். ஓடாவிட்டால் தளவாய் எடுக்க வேண்டும். முப்பது வருடம் விளக்கெண்ணெய் தடவி வளர்த்த மீசை. அது இல்லாத முகத்தை அவர் சம்சாரமே பார்த்ததில்லை.

வல்லிநாயகம் வண்டியின் முன்பக்கத்தில் கைப்பிடியைச் சொருகிச் சுற்றினான். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

"என்னலே, கனமே இல்லாம சுத்துது?"

"புது ரிங்குல்லா அண்ணாச்சி, வழவழன்னு இருக்கு."

"பானெட்டைத் திறந்து பாருலே."

வல்லிநாயகம் பதறிப்போய் பானெட்டின் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டான். "கண்ணு பட்டுரும், குத்தாலநாதர் சன்னதியில தேங்கா உடைக்குத வரைக்கும் எஞ்சினை ஒரு பய பாக்கக்கூடாதுன்னு நீங்கதானே மஞ்சத்துணி போட்டுக் கட்டச் சொன்னீய?"

சொன்னவர் அவரேதான். ஜோசியர் பேச்சு. அதை மீறவும் பயம், மீசை போகவும் பயம். ஆகவே பானெட்டைத் திறக்காமலேயே வைத்தியம் தொடங்கியது.

பின்பக்கத்து டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் இருந்தது. அதை இறக்கி, வேட்டித் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றினார்கள். வல்லிநாயகம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி, காறித் துப்பினான்.

"பெட்ரோல் வருது அண்ணாச்சி. ஆனா மேல ஏற மாட்டேங்கு."

வழியே போன பஸ் டிரைவர் ஒருவர், டாங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருக்கும் என்றார். கோணி ஊசியால் குத்தினார்கள். பூக்கடை மாரித்தாய், "வயித்துக்குச் சேரலை போலுக்கு. ஓமத்தண்ணி ஊத்திப் பாருங்கய்யா" என்றாள். தளவாய் ஒரு கணம் அதையும் யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து சாரல் வந்தது. வல்லிநாயகம் துள்ளிக் குதித்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன்! சாரல்ல பெட்ரோல் குளுந்து போச்சு அண்ணாச்சி!"

தளவாய் ஆளை விட்டுக் கம்பளி வாங்கி வரச் செய்து, டாங்குக்குக் குழந்தைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்திவிட்டார். கால் மணி நேரம் காத்திருந்தும் பெட்ரோலுக்குக் குளிர் விடவில்லை.

"தள்ளினா புடிச்சிரும். குத்தாலம் பாத்தே தள்ளுவோம்" என்றான் வல்லிநாயகம்.

பண்ணையாட்கள் இரண்டு பேர் கை வைத்ததுமே வண்டி விறுவிறுவென்று போனது.

"மொதலாளி, பூக்கூடை கணக்கா போவுதே!"

"பந்தய வண்டின்னா கனம் இருக்கக்கூடாதுல்லா" என்று வல்லிநாயகம் முந்திக்கொண்டான்.

தளவாய் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக்கூடக் குலுங்கவில்லை. "இந்தா புடிச்சிரும், இன்னும் பத்தடி" என்று சொல்லிச் சொல்லியே மேலகரம் தாண்டியாயிற்று. சாலையில் குளிக்கப் போனவர்களெல்லாம் ஆளுக்கொரு கை கொடுத்ததில் குற்றாலத்து வளைவுக்குள் நுழையும்போது முப்பது பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தளவாய்க்கு அழுகையே வந்துவிட்டது. காற்றுக் கண்ணாடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சிவனணைந்தபெருமாள் பங்களா வாசலில் நாற்காலி போட்டு, நாவிதரையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். பங்களாவுக்குப் பின்னால் ஓடிய நெல் மில் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"வாரும்வே! மணி பன்னெண்டாகப் பத்து நிமிசம். உம்ம எஞ்சின் ஓடுத சத்தம் எங்கவே?"

தளவாய்க்கு ஆவேசம் வந்தது. சன்னதியாவது தேங்காயாவது! தாவிக் குதித்து மஞ்சள் துணியைக் கிழித்து பானெட்டைத் தூக்கினார்.

உள்ளே வல்லிநாயகத்தின் தூக்குச்சட்டி மட்டும் இருந்தது.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. தளவாய் போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாவிதர் அவர் மீசையில் தண்ணீர் தடவினார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்று வல்லிநாயகம் தலையைச் சொறிந்தான். "திட்டுவீயளோன்னுதான் இவ்வளவு நேரம் சொல்லலை. புது ரிங்கு ஓடிப் படியட்டுமேன்னு ரெண்டு நாளைக்கு எஞ்சினை இவுக மில் மேஸ்திரிகிட்ட வாடகைக்கு விட்டேன். நல்லா ஓடுதுன்னு அவன் கழத்தவே விட மாட்டேங்கான்."

பன்னிரண்டடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பங்களாவுக்குப் பின்னால் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, நாவிதர் கத்தியோடு சிவனணைந்தபெருமாள் பக்கம் திரும்பினார்.