வாசலில் நின்ற ஆதாரம்

புகையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றிய கார் கம்பெனிமேல் நஷ்டஈடு கேட்டுப் பதினோராயிரம் பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். குருபரனும் அதில் ஒருவர். கையெழுத்துப் போட்ட அன்று அவருடைய கார் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"கார்தான் சார் நம்ம ஆதாரம். நகர்த்தினாலும் போச்சு, ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலும் போச்சு" என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்குக் கார்தான் வாசல். தெருப்பக்கக் கதவில் ஏறி, சீட்டில் நகர்ந்து, வீட்டுப்பக்கக் கதவில் இறங்கவேண்டும். மகளைப் பெண் பார்க்க வந்த நாற்பது பேரும் அப்படித்தான் வந்தார்கள். பீரோகூட அப்படித்தான் வந்தது.

இன்று குருபரன் சாட்சி சொல்லவேண்டிய நாள். கூப்பிடும்போது ஆளில்லாவிட்டால் வழக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். வேட்டி கசங்காமல் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். துருவேறிய கதவுகள் இரண்டு பக்கமும் இறுகிக்கொண்டன.

"கண்ணாடியை உடைங்க!" என்று கத்தினாள் மனைவி கனகவல்லி.

"உடைச்சா கேஸே போச்சுடி!"

"கோர்ட்டுக்குப் போகலேன்னா மட்டும் நிக்குமாக்கும்?"

அவர் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அசையாதீங்க சார்! அப்படியே இருங்க. உங்களையும் சேர்த்தே ஆதாரமாக் காட்டிடறேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. விரலளவு இறங்கியிருந்த கண்ணாடி இடுக்கில் கனகவல்லி ஒரு இட்லியை நசுக்கி உள்ளே நீட்டினாள். கையை அசைக்கலாமா என்று தெரியாமல், குருபரன் வாயை மட்டும் திறந்தார்.