வாயைத் திறக்காதே

“போலீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ வாயைத் திறக்காதே!” என்றாள் அண்ணி, தீக்காயத்தில் களிம்பைத் தடவிக்கொண்டே.

குருவிக்குச் சுரீரென்றது. கையிலா, மனசிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிழைக்க வந்த வெளிநாட்டில், ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் லாண்டரியில் இருவருக்கும் வேலை. அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை. அன்று மத்தியானம், துணி அடுக்கும் அறையில் குருவி தனியாக இருந்தபோது சூப்பர்வைசர் அவள் இடுப்பில் கை வைத்தான். அவள் உதறித் தள்ளினாள். ஆத்திரத்தில் அவன் அவள் கையை இழுத்து, கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியில் அழுத்திவிட்டான்.

“போய்ச் சொல்லேன் பார்ப்போம். விசா முடிஞ்சவதானே நீ? என்னை உள்ளே வைக்கிறதுக்கு முன்னாடி உன்னைப் பிளேன்ல ஏத்திடுவாங்க” என்று சிரித்துவிட்டுப் போனான்.

“அவன் மட்டும் நல்லா இருக்கணும், நான் மட்டும் வாயை மூடிக்கணுமா?” என்று அழுதாள் குருவி.

“உனக்கு விசா இல்ல. எனக்கும் இல்ல, உங்க அண்ணனுக்கும் இல்ல. போலீஸ்ல போய் நின்னா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“நாளைக்கு இன்னொருத்தி கையைச் சுடுவான். அதையும் பார்த்துக்கிட்டு விரிப்பை மடிச்சு வைக்கணும், அப்படித்தானே?”

“எதிர்த்துப் பேசாதே. படு.”

“வேலை போயிடுமேன்னு உங்களுக்குப் பயம் அண்ணி. வேற ஒண்ணுமில்ல!”

அண்ணி களிம்பு டப்பாவை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

அம்மா இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, குருவிக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். ‘குருவி’ என்று செல்லப் பேர் வைத்ததும் அவள்தான். அந்த அண்ணியா இப்படி?

காலையில் குருவி கண் விழித்தபோது, அண்ணி இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வேலைக்கா?”

“இல்ல, ஒரு காரியமாப் போறேன். கதவைத் தாழ் போட்டுக்கோ. யார் தட்டினாலும் திறக்காதே. சாயங்காலம் வரைக்கும் நான் வரலைன்னா என்னைத் தேடிக்கிட்டு வராதே. உங்க அண்ணனுக்குப் போன் போடு, வந்து கூட்டிட்டுப் போவார்.”

கதவு மூடிக்கொண்டது.

குருவிக்குப் புரிந்துவிட்டது. சூப்பர்வைசர் கையைக் காலைப் பிடித்து வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறாள்! அதற்குத்தான் இந்த அலங்காரம். அண்ணி சமைத்து மூடி வைத்திருந்த சாப்பாட்டை அவள் தொடவே இல்லை.

மத்தியானம் தாண்டி அண்ணி திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது. குரலில் மட்டும் வேகம்.

“எழுந்திரு. முகத்தைக் கழுவு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்.”

“நேத்து வேண்டாம்னீங்க?”

“நேத்து வேற, இன்னிக்கு வேற. இப்ப நீ வர்றியா, இல்ல இடுப்புல தூக்கிட்டுப் போகணுமா?”

ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி குருவியை மட்டும் தனி அறைக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் கொடுத்தாள்.

“மேடம், என் விசா...”

“அதை நான் கேட்கலையே. அடிபட்டு வந்தவங்க யாரா இருந்தாலும் அவங்களைப் பாதுகாக்கிறதுதான் எங்க வேலை. கை எப்படிச் சுட்டுச்சு? அதைச் சொல்லுங்க.”

குருவி சொல்லச் சொல்ல, நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டாக்டர் வந்து காயத்தைப் பார்த்துக் கட்டுப் போட்டார். லாண்டரிக்கு ஜீப் போனது.

சற்று நேரத்தில் வெளியே சூப்பர்வைசரின் கூச்சல் கேட்டது.

“சார், அவ விசா இல்லாதவ சார்!”

“அவகிட்ட என்ன இல்லைன்னு கேட்கலை. நீ என்ன பண்ணினேன்னு கேட்டோம். உள்ளே வா!” என்றது ஒரு கனத்த குரல்.

குருவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“நேத்தே வந்திருப்பேன் மேடம். எங்க அண்ணிதான் விடலை. சரியான பயந்தாங்கொள்ளி!”

அதிகாரி எழுந்து கதவைத் திறந்து காட்டினாள். வெளியே பெஞ்சில், சுவரில் தலையைச் சாய்த்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள் அண்ணி.

“இவங்களா பயந்தாங்கொள்ளி? விடிஞ்சதும் விடியாததுமா வந்தாங்க. உங்க பேரைச் சொல்லலை, வீடு எங்கேன்னு சொல்லலை. வாசல் காவலாளியிலேர்ந்து எங்க பெரிய அதிகாரி வரைக்கும் ஒருத்தர் விடாம எல்லார் முன்னாடியும் போய் நின்னு, ‘எனக்கு விசா இல்ல. பிடிக்கிறதா இருந்தா என்னைப் பிடிச்சுக்குங்க. பிடிக்க மாட்டீங்கன்னா, போய் எங்க வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன்’னு சொன்னாங்கம்மா!”