பச்சை டேப் ஒட்டிய பாத்திரம்

முதல் அடியிலேயே காபிக் கடை பிரிட்ஜின் கண்ணாடிக் கதவு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பசும்பால் பாக்கெட்டும் ஓட்ஸ் பால் டப்பாவும் ஒரே தட்டில் உரசிக்கொண்டு நின்றன.

"பாத்தீங்களா, ரெண்டையும் ஒண்ணா வெச்சிருக்கான்!" என்று கடையே அதிரக் கத்தினான் டயர்க்காரன். அவன் கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி. கவுண்டருக்குப் பின்னால் காபிக்காரர், கண்ணாடிச் சில்லு பட்டு நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கையில் பிடித்த கோப்பையோடு வாசலைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்கள்.

டயர்க்காரனின் ஏழு வயது மகளுக்குப் பசும்பால் ஆகாது. வயிற்றைப் பிரட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. ஒரு சொட்டு உள்ளே போனாலும் தொண்டையை அடைத்து உயிரைக் கேட்கிற ரகம். இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் இந்தக் கடையில்தான் தனக்கு ஒரு காபியும் அவளுக்கு ஒரு சாக்லேட் ஓட்ஸ் பாலும் வாங்கினான். வண்டியில் உட்கார்ந்து நாலு மடக்குக் குடித்தாள். உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, கண் செருகிவிட்டது.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; தாய் பக்கத்தில் இருக்கிறாள். பிழைப்பாளா என்று யாரும் இன்னும் வாய்திறக்கவில்லை.

"தம்பி, புள்ள எப்படி இருக்கு? மொதல்ல அதைச் சொல்லு," என்றார் காபிக்காரர்.

"கொல்லப் பாத்துட்டுக் குசலம் வேற விசாரிக்கிறியா?"

நேற்று வரைக்கும் இவர் அவனுக்கு 'அண்ணே'. மற்ற பிள்ளைகள் மாதிரி நானும் கடையில் குடிக்கணும் என்று குழந்தை அடம்பிடித்தபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு அவளுக்கு ஏற்ற பாலைத் தேடியவர் இந்த அண்ணன்தான். சோயா பாலைப் பச்சை வாசனை என்று துப்பினாள். பாதாம் பாலைத் தண்ணி என்றாள். தேங்காய்ப் பாலை முகர்ந்துவிட்டு, "இது தலைக்குத் தேய்க்கிறதா மாமா?" என்று கேட்டாள். ஓட்ஸ் பால் நுரையை மூக்கில் அப்பிக்கொண்டு சிரித்த அன்றுதான் அவர் பெருமூச்சு விட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இது எதுவும் இப்போது அவன் நினைவில் இல்லை.

"பசும்பால் காய்ச்சின பாத்திரத்தைக் கழுவாம அதுலயே ஊத்தியிருக்கே. ஒத்துக்கோ!"

"அவளுக்குன்னு தனிப் பாத்திரம் தம்பி. அதோ, பச்சை டேப் ஒட்டி மாட்டியிருக்கேன் பாரு. தனி அடுப்பு, தனிக் கரண்டி. மத்த பால் அது பக்கமே போகாது."

"வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற ஆளுன்னு நெனச்சியா என்னை?"

ஆணியில் தொங்கிய பாத்திரத்தைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அது நசுங்கி உருண்டது. அடுத்த நொடி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கவுண்டர் மேல் இழுத்துப்போட்டு வாயிலேயே ஒன்று விட்டான். ஒரு பல் தெறித்துச் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

காபிக்காரர் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நிதானமா யோசி தம்பி. வண்டியில வேற ஏதாவது தின்னாளா?" என்றார்.

"ஒண்ணும் தின்னல! கொதிக்கக் கொதிக்கக் குடுத்துட்டே. சுடுதுப்பான்னா. மணியாச்சேன்னு ஆத்து ஆத்துன்னு ஆத்தி, என் கையால குடுத்தேன்டா! பெத்தவன் கையாலேயே விஷம் குடுக்க வெச்சுட்டியேடா பாவி!"

காபிக்காரர் முகம் சட்டென்று மாறியது. "ஆத்துனியா? எதுல—"

கம்பி இறங்கியது. கவுண்டர் மேல் ஊன்றியிருந்த அவருடைய வலது கை, காய்ந்த விறகு மாதிரி மடக்கென்று முறிந்தது. முப்பது வருஷமாக ஒரு சொட்டுச் சிந்தாமல் காபி ஊற்றிய கை அது. அவர் அலறிய அலறலில் தெருவே வாசலில் கூடிவிட்டது. உள்ளே வரத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"இன்னொரு கை மிச்சம் இருக்கு. சொல்லு. பசும்பாலைத்தானே ஊத்தினே?"

காபிக்காரர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் பயமும் இல்லை, பகையும் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆமா தம்பி," என்றார் மெதுவாக. "நான்தான். கைமறதியா ஊத்திட்டேன். என்னோடயே போகட்டும்."

"கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்?" வாசலைப் பார்த்து முழங்கிவிட்டு, அவர் தலைக்கு நேராகக் கம்பியை ஓங்கினான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. ஓங்கிய கையை இறக்காமலே மற்றக் கையால் எடுத்தான்.

"புள்ள கண்ணு முழிச்சுட்டாங்க! இனி பயமில்லையாம்!" அவள் அழுகையும் சிரிப்புமாகத் திணறினாள். "உங்ககிட்ட ஏதோ சொல்லியே ஆகணுமாம், இருங்க."

டயர்க்காரனுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா இங்கதான் இருக்கேன்டா செல்லம். உன்னை இப்படிப் பண்ணவனைப் பிடிச்சுட்டேன். அவனே ஒத்துக்கிட்டான்."

குழந்தையின் குரல் கம்மிப்போய் வந்தது. "மாமாவைத் திட்டாதப்பா. என்னென்ன பண்ணீங்கன்னு டாக்டர் கேட்டாங்க, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ காபி குடிச்ச கப்புலதானேப்பா ஆத்துனே?"