ஒரு சொட்டு ஒழுகாத வள்ளம்

"மரத்தை நக்கிப் பாத்து வயசு சொல்லுத வித்தைய எந்தக் காலேசுல படிச்சீய, சார்வாள்?"

படகுத் தச்சரான ஓடாவி மச்சாது இப்படிக் கேட்டபோது, நாசரேத் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர் ஜெபசீலன் வள்ளத்துக்குள் குனிந்து, அதன் உட்புறத்தை மெய்யாகவே நாக்கு நுனியால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கவிச்சி இருக்கு, ஓடாவி. மறுபடியும் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க."

ஒரே அயினி மரத்தைக் குடைந்து செய்த பழைய வள்ளம் அது. முத்துக்குளிப்பு நின்றுபோன பதினைந்து ஆண்டுகளாகப் புன்னைக்காயல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதனடியில் கோழிகள் அடைந்தன. சார்வாள் அதை வாங்கிச் செப்பனிடச் சொன்னபோது மச்சாதுவுக்குப் போன உயிர் திரும்பியது. போன வருடம் அவர் கட்டிய படகு முகத்துவாரத்தைத் தாண்டுமுன்பே முங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒருவரும் அவரிடம் வேலை கொடுக்கவில்லை. இந்த வள்ளம் ஊர் பார்க்க மிதந்தால்தான் அவருடைய உளிக்கு இனி வாழ்வு.

சார்வாளின் நிபந்தனைகளோ விசித்திரமானவை. தார் கூடாது. மீன் எண்ணெய் கூடாது. இரும்பாணி ஒன்றுகூட ஆகாது. வெடிப்புகளை மரத்தாலேயே அடைக்க வேண்டும்.

"தார் பூசாத வள்ளத்தப் பாத்தா கடலே சிரிக்கும், சார்வாள்."

"அந்தக் காலத்துல தாருக்கு எங்க போனான்? ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, ஒரு வாடை வீசக் கூடாது. அம்புட்டுத்தான்."

பழமைக்குப் படித்தவர்கள் காட்டும் மரியாதை இதுவென்று மச்சாது தீர்மானித்தார். கரை முழுக்க அப்படியே பரப்பியும் விட்டார். மீன் ஏலம் விடும் ரொட்ரிகோ மட்டும் மசியவில்லை.

"ஏலே மச்சாது, சனிக்கிழம வள்ளத்த எறக்குதியாமே. நீந்தத் தெரிஞ்சவனா நாலு பேரக் கூட ஏத்திக்க."

"முங்கிச்சுன்னா என் உளிய ஒன் ஏலத்துல போட்டு வித்துருல."

சனிக்கிழமை கரை நிரம்பிவிட்டது. இரண்டு கட்டைகளின்மேல் நிறுத்தியிருந்த வள்ளத்தின் மூக்கை, வேட்டியை மடித்துக் கட்டிய மச்சாது பிடித்தார்.

"பொறுங்க, ஓடாவி," என்ற ஜெபசீலன், இருபது குடம் நல்ல தண்ணீரை வள்ளத்தின் உள்ளே ஊற்றச் சொன்னார்.

"தண்ணி வெளிய இருந்தாத்தான் அதுக்குப் பேரு வள்ளம், சார்வாள்," என்றான் ரொட்ரிகோ. கரை குலுங்கிச் சிரித்தது.

சார்வாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து மணலில் மல்லாந்து படுத்து, வள்ளத்தின் அடிவயிற்றைக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார். கைக்குட்டை நனையவில்லை. எழுந்து, உள்ளே நின்ற தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"ஸ்தோத்திரம். கொட்டிட்டு லாரியில ஏத்துங்க."

புதுத் துறைமுகத்திலிருந்து வாடகைக்கு வந்த லாரி பின்னால் உறுமியது.

"லாரியிலயா?" மச்சாது வள்ளத்தின் மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "கடல்ல எறக்காம மியூசியத்துக்குக் கொண்டு போனா, எம் பேரு என்னாவுறது, சார்வாள்? எவன் இனி எனக்கு வேல தருவான்?"

ஜெபசீலன் அவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா செய்ய மாட்டீங்கன்னுதான் சொல்லல. நாளைக்கு எங்க கோயில்ல அசனம், மூவாயிரம் பேர் சாப்பாடு. போன வருஷம் தொட்டி வெடிச்சு கறிக்குழம்பு பூரா மண்ணுக்குப் போச்சு. கமிட்டிச் செயலாளர் நான், ஊருக்குள்ள தலைகாட்ட முடியல. இந்தத் தடவ குழம்ப இதுலதான் ஊத்தி வைக்கப் போறோம். ஒழுகாம நின்னுச்சுன்னா, அடுத்த வருஷம் ரசத்துக்கும் ஒரு வள்ளம் நீங்கதான் செஞ்சு தரணும்."