முதுகில் ஒரு சிங்கம்

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தார்.

மனைவி கிண்ணத்தில் காவியைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

வலது விலாவிலிருந்து முதுகுவரை கொப்புளங்கள் ஒரு பட்டையாக ஓடின. மூன்று நாளாகத் தூக்கமில்லை. பனியன் பட்டால்கூட நெருப்பு.

அக்கி.

முப்பத்தாறு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். டாக்டர் வாயைத் திறக்குமுன் அவரே பாடம் எடுத்துவிட்டார். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி சாவதில்லை. நரம்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வயதாக ஆக உடம்பின் காவல் தளரும். அப்போது எழுந்து வரும்.

“கரெக்டா சொன்னீங்க சார். உங்களுக்கு எழுபத்திமூணு ஆகுதில்ல?” என்றார் டாக்டர்.

அதுவரை காவல் தளர்வதெல்லாம் அடுத்தவர் உடம்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

இன்று மாலை மூத்த குடிமக்கள் மன்றத்தில் அவர் பேச்சு. ‘எதிர்ப்புச் சக்தியில் எனக்கு இன்னும் இருபது!’ தலைப்பு அவர் கொடுத்தது. சுவரொட்டிப் படமும் அவர் கொடுத்ததுதான். அதில் அவருக்கு ஐம்பது.

டாக்டரின் மாத்திரையை விழுங்கியாகிவிட்டது. இது அதற்கு மேல். அக்கிக்குக் காவியால் சிங்கம் எழுதுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதைக் கிண்டல் செய்தே வருடந்தோறும் வகுப்பில் கைதட்டு வாங்கியவர் அவர்.

“உன் திருப்திக்குத்தான் உக்காந்திருக்கேன், சொர்ணம்.”

“ஆமா, என் திருப்திக்குத்தான். குனிங்க.”

கோழி இறகின் நுனி கொப்புளங்களைத் தொடாமல் ஓரமாகவே போனது.

குளிர்ந்தது.

கைப்பேசி அடித்தது. மன்றத்துச் செயலாளர்.

அவர் முதுகு விறைத்தது. அவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், ஊர் சிரிக்கும்.

அவள் இடது கையால் எடுத்தாள்.

“இன்னிக்கு வர முடியாதுங்க. எனக்குத்தான் மேலுக்கு முடியல. பக்கத்த விட்டு நகர மாட்டேங்குறாரு மனுசன்.”

மறுமுனையில் அவரைப் பாராட்டினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கணவரா என்றார்கள்.

“ஆமாங்க,” என்றாள்.

வைத்துவிட்டு இறகை மறுபடி காவியில் தோய்த்தாள். பிடரி வந்தது. ஒவ்வொன்றாக நாலு காலும் வந்தன.

“முடிஞ்சுது. எந்திரிங்க.”

அவர் எழவில்லை.

“வால் போடலையே,” என்றார், சுவரைப் பார்த்தபடி. “சிங்கத்துக்கு வால் ரொம்ப நீளம்.”