வளர்ந்துவிடும்

“கல்லீரல்ல பாதிக்கு மேல வெட்டி எடுக்கணும், கட்டியோட சேத்து. ரத்தம் நிறைய போகலாம். மிச்சம் இருக்கிறது தாங்காமயும் போகலாம். அந்த ஆபத்து இருக்கு. ஆனா பயப்படாதீங்க, ரெண்டு மூணு மாசத்துல திரும்ப வளந்துடும்.”

சொல்லிவிட்டு டாக்டர் சிரித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. மனைவியின் வயிற்றுக்குள் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து அதை வெட்டுவார்களாம். மறுபடி வளருமாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வெட்டினால் வளரும் என்பது அவருக்குத் தெரியாததா? வளர்வதால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் தலையில் வளர்வதும் வயிற்றில் வளர்வதும் ஒன்றா?

கேட்டிருக்கலாம். கடைக்கு வந்தவர் யாரும் அவர் வாயை மூடிப் பார்த்ததில்லை. அந்த வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து வந்தார்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பு தோளில் நிற்காமல் வழிந்தது. நாளைக் காலையில் ஆபரேஷன்.

“ஏங்க, என்ன சொன்னார்?”

உள்ளதைச் சொல்ல மனசு வரவில்லை. திரும்பவும் வரப்போகிறது என்று தெரிந்தால் யார்தான் போய்ப் படுப்பார்கள்? வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிட்டால்?

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் பயமில்ல. பாதிக்கு மேல எடுத்துடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் வளராதாம். அடிச்சுச் சொல்லிட்டார்.”

அவள் முகம் தெளியும் என்று பார்த்தார். வெளுத்தது.

கையை உருவிக்கொண்டாள்.

“வளராதா? வெட்டின ஈரல் திரும்ப வளந்துடும், அந்த தைரியத்துலதான் வெட்டுறோம்னு நர்ஸம்மா சொன்னாங்களே! வளரலேன்னா மிச்சத்தை வெச்சு நான் எப்படிங்க பொழைப்பேன்?”

சலூன்காரர் எழுந்தார். ஒரு செருப்பு பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. டாக்டர் அறைக்கு ஓடி, தட்டாமலே கதவைத் திறந்தார்.

“டாக்டர், வளரும்னீங்களே... எது?”